சடங்கு நடத்துபவரின் உழைப்பும் உழைப்பே

இடம்பெயர்ந்த குடும்பமொன்று பதிவுக்குச் சென்றால், வயல் எத்தனை ஏக்கர், மாடு எத்தனை, வீடு கல்வீடா ஓலைவீடா என்று கேட்கிறார்கள். அவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் ஊரின் கலியாணத்தையும் சாவையும் முன்னின்று நடத்தியவர் எதை இழந்தார் என்று கேட்பார் அரிது. அவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, காரைதீவு என நீளும் இக்கரையில் கோவில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் அருகருகே கேட்கின்றன. கண்ணகை அம்மன் கோவில்களின் வைகாசிச் சடங்கில், கதவு திறந்தது முதல் குளிர்த்தி முடியும்வரை கப்புகனார் விரதத்தோடு முன்னிற்கிறார். லெப்பை நேரகாலம் பாராது நிக்காஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் வருகிறார். குருவானவர் வந்துசேர முடியாத ஊரில் உபதேசியார் அடக்கச் செபத்தை நடத்துகிறார். குரு இல்லாத இடங்களில், ஆயரின் அனுமதியோடு பொதுநிலையினர் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கூறியது.

இவ்வேலையின் பெறுமதி, அது நடக்காமற் போனபோதே பலருக்கு விளங்கியது. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். சடங்கு எதுவுமின்றி அவசரமாகப் புதைக்கப்பட்டோர் பலர். 2020இல் கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென அரசு கட்டாயப்படுத்தியது. 2021 மார்ச்சில் அனுமதி கிடைத்தபின் ஓட்டமாவடியில் 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

"இறைபணிக்குக் கூலியா?" என்று சிலர் கேட்கலாம். முன்னர் பல ஊர்களில் சூடடித்த களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுத்தார்கள். அதை எவரும் கூலியென்று இழிவாகப் பேசவில்லை. வயல் போனதும் அந்த நெல்லும் நின்றது. அவர் பிழைப்புத் தேடி வேறிடம் போய்விட்டால், நாளை நமது பிள்ளைகளுக்கு முறை சொல்லித்தர ஆளிராது.

ஆகவே மீள்குடியேற்றக் கூட்டங்களில் இவர்களுடைய பணியையும் ஒரு தொழிலாகப் பதியும்படி கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். மரண உதவிச் சங்கம் உள்ள இடங்களில், சங்கப் பணத்திலிருந்து அவருக்கொரு பங்கை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இளைஞர் இருவரை அவரோடு அனுப்பிப் பழக்குங்கள்.

இன்னுமொன்று. குழி வெட்டுபவரும் பறை அடிப்பவரும் இல்லாமல் பல ஊர்களில் சாவுச் சடங்கு நடவாது. அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, முன்னிற்பவரை மட்டும் மதிப்பது மதிப்பாகாது. பழைய ஊரின் இந்த வழக்கத்தைப் புதிய குடியிருப்புக்கும் சுமந்து வரவேண்டாம். அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். உள்ளே அழைத்துப் பாயில் இருத்துங்கள்.