ரத்தச் சீட்டு என்ன சொல்கிறது?

காய்ச்சலா, கர்ப்பமா, காரணமில்லாத களைப்பா, எதுவானாலும் டாக்டர் இப்போது முதலில் சொல்வது, "ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பதுதான். மாலையில் ஒரு சீட்டு கைக்கு வருகிறது. அதில் இருபது வரி இருக்கும். நாம் பார்ப்பதோ ஒரே ஒரு வரி. "ஹீமோகுளோபின் ஒன்பதுதானாம்லா! டானிக் வாங்கிக் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். சகோதரிகளே, அந்தச் சீட்டில் இன்னும் சில வரிகளையும் நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள மூன்று வகை அணுக்களை எண்ணிச் சொல்கிறார்கள்.

முதலாவது வெள்ளை அணு. நோய்க் கிருமியோடு சண்டை போடுவது இதுதான். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதல். ஆகவே பிள்ளையின் சீட்டைப் பெரியவர் கணக்கோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டாவது தட்டணு. அடிபட்டால் ரத்தத்தை உறைய வைப்பது இது. ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கலாம். டெங்கு காய்ச்சலில் இது இறங்கும் என்பதால்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள்.

மூன்றாவது சிவப்பு அணு. பெண்களாகிய நம் பாடு இதில்தான் இருக்கிறது. இதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் உடம்பெல்லாம் பிராணவாயுவைக் கொண்டு போகிறது. 100 மில்லி ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலும், கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலும் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் அது ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. அதாவது நம்மில் பாதிப் பேருக்கு மேல்!

சரி, ரத்தம் குறைவு என்று தெரிந்துவிட்டது. ஏன் குறைந்தது? இதற்குத்தான் இன்னொரு வரியைப் பார்க்க வேண்டும். சீட்டில் 'எம்.சி.வி.' என்று மூன்று எழுத்து இருக்கும். சிவப்பு அணுவின் சராசரிப் பருமன் அது. 80க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் சரி. 80க்குக் குறைந்தால் அணு சிறுத்திருக்கிறது; பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. 100க்கு மேல் போனால் அணு பெருத்திருக்கிறது. ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைவாக இருக்கலாம். இரண்டும் ரத்தசோகைதான். ஆனால் மருந்து வேறு.

இந்த வித்தியாசம் புரிய உதவியவர் ஒரு பெண் டாக்டர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்களில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான சோகை. ரத்தத்தைப் பார்த்தால் அணுக்கள் பெருத்திருந்தன. பிறகு நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இருக்கும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். அந்தப் பெண்களின் சாப்பாட்டில்தான் ஏதோ குறைகிறது என்று கண்டு, ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். 1931ல் அதை எழுதி வெளியிட்டார். அந்த 'ஏதோ' ஒன்றுதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு இன்று சர்க்கார் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மதினி, சுத்த சைவம். பால், தயிர் கூட ஆகாது. "ஆறு மாசமா டானிக் குடிக்கேன் மைனி, அளவு அசையவே மாட்டேங்கு. காலு ரெண்டும் மரத்து மரத்துப் போகுது" என்றாள். சீட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். எம்.சி.வி. 112. "இதக் காட்டிக் கேளு" என்று பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அனுப்பினேன். பி12 குறைவாம். ஊசி போட்டதும் உடம்பு தேறியது. இன்னும் தாமதித்திருந்தால் நரம்பே கெட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஏறியது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கடையில் டானிக் பாட்டிலை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சிறுத்த அணுவிலும் சூட்சுமம் உண்டு. மாதவிலக்கில் அதிகம் போனாலும், மூலத்தில் ரத்தம் போனாலும், ஆற்றுப் பாசனத்து வயலில் செருப்பில்லாமல் நடந்து கொக்கிப்புழு ஏறினாலும் இரும்பு குறையும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? சிலருக்குப் பரம்பரையாகவே அணு சிறுத்திருக்கும். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. சரியாக இருப்பது போலவும் காட்டும். ஆகவே நாம் சீட்டைப் படிப்பது டாக்டரிடம் சரியாகக் கேட்பதற்குத்தான். வைத்தியம் அவர் பொறுப்பு.

இரும்பு மாத்திரை கொடுத்தால், காபி, டீ, பாலோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகப் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி போய்க் காட்டுங்கள். அளவு சரியானதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்லும் வரை தொடருங்கள்.

சாப்பாட்டுக்கு நமக்குக் குறைவா? முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, எள்ளுத் துவையல், கம்பங்கஞ்சி, பயறு வகை எல்லாம் நம் திருநெல்வேலிச் சமையலில் இருக்கின்றன. கூடவே ஒரு நெல்லிக்காய். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஃபோலிக் அமிலம் அதோடு போய்விடும். பி12 கீரையில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீனில்தான் உண்டு. ஒன்று மட்டும் சொல்லுவேன்: எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். கீரையை உங்கள் தட்டிலும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

வீட்டில் ஆளுக்கொரு உறை போட்டு, சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, "எனக்கு எத்தனை?" என்பதோடு, "எனக்கு எந்த வகைச் சோகை, எதனால் வந்தது?" என்றும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், நம் உடம்பைப் பற்றித்தானே கேட்கிறோம்!