வேனின் ஸ்பீக்கரை நாமே மாற்றலாம்

குடும்பத்தோடு வேனில் நெடுந்தூரம் செல்கையில் கிராஅத்தும் பயானும் நமக்கு வழித்துணை. ஆனால், வாகனத்தோடு வரும் ஸ்பீக்கர்களில் பல காகிதக் கூம்பால் ஆனவை. வெயிலிலும் ஈரத்திலும் அவை நாளடைவில் கரகரக்கத் தொடங்கிவிடுகின்றன.

உடனே ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் என்று பெருஞ்செலவில் இறங்குவது வீண்விரயம் என்பதே நமது கருத்து. முன்கதவுகளிலுள்ள இரண்டை மாற்றினாலே பெரும்பாலும் பேச்சு தெளிவாகக் கேட்கும். திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் அதை அரைநாளில் முடிக்கலாம்; பிள்ளைகளையும் உடன் வைத்துச் செய்தால் உழைப்பின் மதிப்பை அவர்களும் உணர்வர்.

வாங்குமுன் பழைய ஸ்பீக்கரின் விட்டம், ஆழம், ஓம் ஆகிய மூன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆழம் மிகுந்தால் கீழிறங்கும் கண்ணாடி காந்தத்தில் இடிக்கும். 4 ஓமுக்குரிய செட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் செட் சூடேறிப் பழுதாகக்கூடும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட உச்ச வாட்டை விடுத்து, ஆர்.எம்.எஸ். வாட்டையே பார்க்க வேண்டும்.

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வயரை வெட்டாமல் பொருத்தமான கப்ளர் வாங்கி இணைப்பது நலம். ஒரு பக்கத்தில் மட்டும் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால் தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கதவினுள் ஒட்டியிருக்கும் பாலித்தீன் விரிப்பு மழைநீரைத் தடுப்பது, அதைக் கிழித்தெறியலாகாது.

நாம் நாடுவது தெளிவையே, இரைச்சலை அன்று. உள்ளே பிள்ளைகளின் செவிகள் உள்ளன. பின்னால் ஆம்புலன்ஸ் வரக்கூடும். அதன் ஒலி நம்மை எட்டாதவாறு நல்ல சொல்லையும் உரக்க ஒலிக்கவிடுவது முறையன்று.