நான்கு மணி நேர அவகாசம் இனி செல்லாது

அடுத்த பெருந்தொற்றுக்கு முன் ஒன்றிய, மாநில அரசுகளிடம் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவில் நாடு முழுக்க கொரோனா ஊரடங்கு. கூலி நின்றது, ரயில் நின்றது, வாடகை மட்டும் நிற்கவில்லை. பிள்ளையும் மூட்டையுமாக லட்சக்கணக்கானோர் ஊருக்கு நடந்தார்கள். மே 8 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். வழிக்கு எடுத்துவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு இல்லை என்றது அரசு.

உத்தரவு போடுபவரே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆகவே கோருகிறோம்:

1. ஊரடங்கு ஆணையிலேயே உணவு, கூலி இழப்பீடு, ஊர் திரும்பும் வசதி ஆகியவை இடம்பெற வேண்டும். தொழிலாளரிடம் ரயில் கட்டணம் வாங்கக் கூடாது என்று மே 28இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்த நிலை திரும்பக் கூடாது.

2. குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருந்தாலும், அட்டையே இல்லாவிட்டாலும், இருக்கும் இடத்தில் அரிசி, பருப்பு தர வேண்டும்.

3. 2021இல் மூச்சுக்காற்றுக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசை கட்டி நின்றன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் எவரும் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று ஜூலையில் மாநிலங்களவைக்குப் பதில் வந்தது. இனி ஒவ்வொரு மரணத்தையும் தனித்தியங்கும் குழு தணிக்கை செய்து, முடிவை வெளியிட வேண்டும்.

4. தடுப்பூசியை ஒன்றிய அரசே கொள்முதல் செய்து அனைவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். ஒரே கோவிஷீல்டு தடுப்பூசிக்கு ஒன்றியத்துக்கு 150, மாநிலத்துக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600 ரூபாய் என்று 2021இல் நடந்த பேரம் மீண்டும் வேண்டாம்.

5. தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியரைத் தொற்று தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை அல்ல, மாதச் சம்பளம் வேண்டும். தூய்மைப் பணியாளருக்குப் பணி நிரந்தரம் வேண்டும்.

6. நோயாளியின் மதத்தைச் சுட்டும் அறிக்கைகளுக்குத் தடை வேண்டும். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை, புதைத்தால் தொற்று பரவும் என்ற வதந்தியை நம்பி, அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். வதந்திக்கு அரசு அன்றன்றே பதில் சொல்ல வேண்டும்.

7. அவசர அதிகாரங்களுக்கு முடிவுத் தேதி வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் விவாதித்து ஒப்புதல் தர வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தேர்தல் அறிக்கையில் சேர்க்கும் கட்சிகள், இவற்றுக்கான பணம் எந்த ஆண்டு பட்ஜெட்டில், எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.