நம்மைப் பற்றிய புத்தகங்களை நாம் படிக்கிறோமா?

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பெரிய அருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஆசை தீரக் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். உழைத்துக் களைத்த உடம்புக்கு அது வேண்டியதுதான். நாம் போனது குளிக்க அல்ல. இயக்க வேலையாகத் தென்காசிப் பக்கம் போயிருந்தோம். மழை விடவில்லை. போட்டிருந்த கூட்டம் தள்ளிப் போயிற்று. பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தோழர் வீட்டில் நாலு நாள் தங்கும்படி ஆயிற்று. பையில் மூன்று புத்தகங்கள் இருந்தன.

ஒன்று, தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய ‘பஞ்சும் பசியும்’. 1953-ல் வெளிவந்த நாவல். செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. இரண்டாவது, ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்து, தொழிலாளருக்குச் சங்கம் கட்டப் பாடுபட்ட பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது. இரா. முருகவேள் அதைத் தமிழாக்கி 2007-ல் வந்தது. மூன்றாவது, புதுமைப்பித்தன் கதைகள். அதில் நாம் தேடிப் படித்தது 1930-களில் அவர் எழுதிய ‘துன்பக்கேணி’.

மூன்றும் திருநெல்வேலிச் சீமை மக்களின் கதைகள். முதலாவதில் அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்கள் வருகிறார்கள். நூல் விலை ஏறுகிறது, நெய்த துணி விற்காமல் கிடக்கிறது, தறி நிற்கிறது. இரண்டாவதில், மழை பொய்த்த மயிலோடைக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். ஏறியவர்களுக்குக் குளிரும் மலேரியாவும் தீராத கடனும்தான் மிச்சம். மூன்றாவதில், வாசவன்பட்டிச் சேரிப் பெண் மருதி, புருஷன் சிறைக்குப் போனபின் இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பலேறிச் சீரழிகிறாள்.

இந்தப் புத்தகங்களைப் பற்றிப் படித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் தறி நெய்கிறவர்களும், கொழுந்து பறிக்கிறவர்களும், களை எடுக்கிறவர்களும் எத்தனை பேர் இவற்றைப் படித்தார்கள்? நம்மைப் பற்றி எழுதியது நம் கைக்கு வந்ததா?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் நாம் அல்ல. தங்கியிருந்த வீட்டுத் தோழரின் மனைவிதான். தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றாத தெரு அபூர்வம். அந்த வீட்டுத் தார்சாலிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் மடியில் சொளகோடு உட்கார்ந்திருந்தார்கள். இலையை நனைத்து, தகரத்தை வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி — கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நாம் ஒரு மூலையில் புத்தகமும் கையுமாக இருந்தோம். அந்த அம்மாள் சொன்னார்: “மனசுக்குள்ளயே படிக்கியளே அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாப் படிச்சா நாங்களும் கேப்பம்லா!”

நமக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று மத்தியானம் முதல் உரக்கப் படித்தோம்.

முதலில் ‘எரியும் பனிக்காடு’. மேஸ்திரி முன்பணம் கொடுக்கிற இடம் வந்ததும் ஒரு ஆச்சி சிரித்துவிட்டார். “அவுகளுக்கு முன்பணம், நமக்குக் கழிவு. மலை ஒண்ணுதான் குறைச்சல். எஸ்டேட்டு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு” என்றார். கொண்டுபோய்க் கொடுத்த பீடியில் இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்து ஒதுக்குவதைத்தான் அவர் சொன்னார். கணக்கு எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நம் கூலி இருக்கிறது. கொத்தடிமை முறையை விளக்கி நாம் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் ‘பஞ்சும் பசியும்’ நாவலில் சில அத்தியாயங்கள். பணக்காரத் தாதுலிங்க முதலியாரின் மகன் சங்கர், தகப்பனை எதிர்த்து நெசவாளர் பக்கம் நிற்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது. நெசவாளர் திரண்டு கிளம்பும் பகுதியை நாம் உணர்ச்சியோடு படித்தோம். கேட்டுவிட்டு அதே ஆச்சி சொன்னார்: “ஊர்வலம் கிளம்புனது சரிதான். மறுநாள் காலையில உலை வச்சாகளா?”

பதில் சொல்ல நமக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் ‘துன்பக்கேணி’. இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் இருந்தது. கதை என்றால் வழி காட்ட வேண்டும். துன்பத்தைச் சொன்னால் கூடவே போராட்டத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது ஜனங்களைச் சோர்வடையச் செய்யும் எழுத்து என்று நினைத்திருந்தோம். “இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? இதைத் தொழிலாளிக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்?” என்று பல வருஷங்களுக்கு முன் ஒரு படிப்பு வட்டத்தில் நாமே இந்தக் கதையைத் தள்ளிப் பேசியிருக்கிறோம்.

அன்று படித்தபோது நடந்தது வேறு. பாதிக் கதையில் கைகள் நின்றுவிட்டன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் கையை நிறுத்துவது லேசான காரியம் அல்ல. முடிந்ததும் யாரும் பேசவில்லை. பிறகு, மூன்று நாளும் வாயே திறக்காத ஒரு பெண் மெல்லச் சொன்னார்: “என் மகளும் இப்படித்தான் ஏஜெண்டோட போனா.” வடக்கே எங்கோ ஒரு நூற்பாலையாம். விடுதியில் தங்கி வேலை. மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. வருஷம் முடியுமுன்னே உடம்பு கெட்டுத் திரும்பி வந்துவிட்டாள். மொத்தப் பணமும் இல்லை, கேட்பாரும் இல்லை. “ஊருல எல்லாரும் ஏன் அனுப்புனேன்னு என்னத்தான் கேக்காக. இந்தக் கதையக் கேட்டா அப்படிக் கேக்க மாட்டாக.”

தோழர்களே! அதே ஊரில் நம்மவர்கள் பல தடவை கூட்டம் போட்டிருக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாயின் வாயிலிருந்து இந்த விஷயம் வரவில்லை. போராட்டமே இல்லாத கதை என்று நாம் ஒதுக்கிய கதை அதை வரவழைத்துவிட்டது. அன்று மாலையே மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் விஷயமும் வெளியே வந்தது. ஒரு மனு எழுதும் வேலையும் அங்கேயே தொடங்கியது.

ஆகவே நம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறோம். வழி காட்டுகிற புத்தகமும் வேண்டும். அடைத்துக் கிடக்கிற வாயைத் திறக்கிற புத்தகமும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அடிக்கக் கூடாது. ரகுநாதனுக்கு இது தெரிந்திருந்தது. நெசவாளர் நாவலை எழுதிய அவர்தான், அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1951-ல், புதுமைப்பித்தனின் வரலாற்றையும் எழுதினார். நமக்குத்தான் தெரிய நாளாயிற்று.

உரக்கப் படிப்பது ஒன்றும் புது வழக்கம் அல்ல. கண்ணூரில் பீடிக் கம்பெனிகளில் ஒரு தொழிலாளி பத்திரிகையும் புத்தகமும் உரக்கப் படிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். கியூபாவின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865 முதல் தங்கள் கைக்காசு போட்டு, படித்துக் காட்டுவதற்கென்றே ஆள் வைத்தார்கள். மறு வருஷமே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது. புத்தகம் படித்துக் காட்டினால் ஆட்சி ஆடிப்போகும் என்று அவர்களுக்குப் புரிந்தது! ஆனால் அந்த வழக்கம் அழியவில்லை. தொழிலாளர் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் பெயர், ‘மாண்டிகிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டுக்கே அமைந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? குற்றாலத்திலேயே ரசிகமணி டி.கே.சி. இருந்தார். 1954-ல் காலமானார். பாட்டை உரக்கச் சொல்லி, காதால் கேட்டு, கூடியிருந்து அனுபவிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நண்பர்கள். அவருடைய கருத்துக்கள் பலவற்றில் நமக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சபையில் பீடி சுற்றுகிறவர்களுக்கு இடம் இருந்ததாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் கண்ட வழி நல்ல வழி. அதை நம் தார்சாலுக்குக் கொண்டுவந்தால் யார் தடுப்பார்?

இன்று பீடி வேலை பெரும்பாலும் வீட்டுக்குள் போய்விட்டது. பெண்கள் தனித்தனியே உட்கார்ந்து சுற்றுகிறார்கள். கைக்கு ஓய்வில்லை, காது சும்மா இருக்கிறது. அந்தக் காதைத் தொலைக்காட்சித் தொடர் பிடித்துக்கொண்டது. அதைப் பழிப்பதில் பயன் இல்லை. அதைவிட நல்லதை நாம் கொண்டுபோய்க் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

“புத்தகம் வாங்கக் காசு ஏது?” என்று சிலர் கேட்கலாம். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். நாட்டிலேயே மாகாண அளவில் வந்த முதல் நூலகச் சட்டங்களில் அது ஒன்று. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் புத்தகங்கள் நம் காசில் வாங்கியவை. போய்க் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் தருவிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நூலகம் பூட்டிக் கிடந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு யந்திரச் சத்தத்தில் படிக்க முடியாது. ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்காருகிற அரை மணி நேரம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு மரத்தடியில் கஞ்சி குடிக்கிற நேரம் இருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். படித்து முடித்தபின் பிரசங்கம் வேண்டாம். அங்கேதான் நம்மைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்க வேண்டும்.

ஊர்வலத்துக்கு மறுநாள் காலையில் உலை வைத்தார்களா என்று அந்த ஆச்சி கேட்டது நம்மை இன்னும் விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற நாவலை யாராவது எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர் ஒரு நாள் பீடித் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய் எழுதட்டும்.