நாற்பது நாளும், பேசாத இரண்டு குடும்பங்களும்

சாம்பல் புதன் நெருங்கும்போது சேகர அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பது இந்த இதழைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். மாலைக் கூட்டங்களுக்குச் செய்தியாளர்கள் முடிவாக வேண்டும். பரிசுத்த வெள்ளியன்று ஏழு வார்த்தைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒருவருக்கும் மனவருத்தம் வரக் கூடாது. பாடகர் குழுவின் ஒத்திகை, குருத்தோலைக்குச் சொல்லி வைப்பது, அழைப்பிதழின் மெய்ப்புத் திருத்தம் என்று உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் ஓய்வே இருக்காது. வீடுகளிலும் காலம் மாறுவது தெரியும். கறி மீன் நிற்கும், கல்யாணப் பேச்சைத் தள்ளி வைப்பார்கள், பெண்கள் சிலர் பூ வைப்பதை விடுவார்கள். கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி இருப்பார்கள். இவை நம் பெரியவர்கள் காத்துத் தந்த நல்ல பழக்கங்கள். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த ஏற்பாடுகளில் ஒரு வேலை காணாமல் போயிருக்கிறது. நாற்பது நாட்களைக் குறிப்பிடும் மிகப் பழைய சபைச் சட்டங்களில் ஒன்று அந்த வேலையைத்தான் சொல்கிறது.

325-ல் நிசேயாவில் கூடிய ஆலோசனைச் சங்கத்தை நாம் விசுவாசப் பிரமாணத்துக்காக நினைக்கிறோம். அதே சங்கம் சபை நடத்துவதற்கான விதிகளையும் வகுத்தது. ஐந்தாம் விதி, ஒவ்வொரு மாகாணத்திலும் ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடி, சபைநீக்கம் செய்யப்பட்டவர்களின் காரியத்தை விசாரிக்க வேண்டும் என்கிறது. ஒரு கூட்டம் இலையுதிர் காலத்தில்; மற்றது நாற்பது நாட்களுக்கு முன். ஏன் அப்போது என்றால், மனக்கசப்பெல்லாம் நீங்கிய பிறகு சுத்தமான காணிக்கை கடவுளுக்குப் படைக்கப்பட வேண்டும் என்பதற்காக. இன்னொன்றையும் கவனியுங்கள். விலக்கப்பட்டவர் என்ன பாவம் செய்தார் என்பதோடு அந்த விசாரணை நிற்கவில்லை. விலக்கிய ஆயர் சிறுமனத்தினாலோ வீம்பினாலோ வேறு கோபத்தினாலோ அப்படிச் செய்தாரா என்று கேட்கச் சொல்கிறது விதி. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால், லெந்து காலத்துக்குள் நுழையும் வாசலில் ஆயரின் மனதைத்தான் சோதித்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தச் சோதனைக்கு நின்றிருக்கிறோம்?

அதற்கும் முந்தியது, சிரியா நாட்டில் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த திதஸ்காலியா என்னும் சபை ஒழுங்கு நூல். சபையாருக்குள் வழக்கு வந்தால் திங்கட்கிழமை விசாரியுங்கள் என்று அது ஆயர்களுக்குச் சொல்கிறது. தீர்ப்பை ஒருவர் ஏற்காவிட்டாலும் வாரம் முழுவதும் கையில் இருக்கிறது. பேசிப் பேசி ஞாயிற்றுக்கிழமைக்குள் இருவரையும் சமாதானப்படுத்திவிடலாம். எவ்வளவு நடைமுறை தெரிந்தவர்கள்! பகை தீர நாள் பிடிக்கும், அந்த நாளை ஆயர்தான் ஒதுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் சேகரங்களில் திங்கட்கிழமை பெரும்பாலும் ஆயரின் ஓய்வு நாள். அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. வாரத்தில் ஏதோ ஒரு மாலையாவது இதற்கென்று இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

ஆங்கிலிக்கன் வழி வந்த சபைகளுக்கு இது வெளியிலிருந்து வந்த சரக்கும் இல்லை. பழைய ஜெப புத்தகத்தில் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்குக் குறித்திருந்த நிருப வாசகம் ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரம். அந்த ஞாயிற்றின் சிறு ஜெபமும் அன்பை வேண்டும் ஜெபமே. 1549-ல் கிரான்மர் அதைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். இன்று அந்த அதிகாரத்தைக் கல்யாண ஆராதனைக்கு உரியதாக ஆக்கிவிட்டோம். பவுல் அதைக் கல்யாண வீட்டுக்கு எழுதவில்லை. கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு, கர்த்தருடைய பந்தியிலேயே ஏழைகள் வருமுன் சாப்பிட்டு முடித்த ஒரு சபைக்கு எழுதினார். நாற்பது நாளுக்கு முன் அதை வாசிக்கவைத்தவர்கள் காரணம் தெரிந்துதான் வைத்தார்கள். அன்பில்லாத உபவாசத்தால் பயனில்லை என்பதைச் சபை கேட்ட பிறகே சாம்பல் புதன் வர வேண்டும்.

அதே புத்தகத்தில் நற்கருணை ஆராதனையின் தொடக்கத்தில் ஆயருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு பேருக்குள் பகையும் வன்மமும் இருப்பதாக அவர் அறிந்தால், ஒப்புரவாகும்வரை அவர்களைப் பந்திக்கு வரவிடக் கூடாது. ஒருவர் மனப்பூர்வமாக மன்னித்து, தன் தவறைச் சரிசெய்யவும் தயாராக இருந்து, மற்றவர் அசையாதிருந்தால், முதலாமவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பிடிவாதக்காரருக்குப் பந்தி இல்லை. இந்தக் கட்டளையை நாம் பயன்படுத்துவது அநேகமாக இல்லை. பயன்படுத்தினால் அடுத்த சேகரக் குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. சபையாருக்குள் இருக்கும் பகை அவர்களுடைய சொந்த விஷயம், நமக்கேன் என்று ஆயர் ஒதுங்கிக்கொள்ள அது இடம் கொடுப்பதில்லை.

நம் சபைகளில் பகை எங்கே குடியிருக்கிறது என்று நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். திருமண்டலத் தேர்தல் முடிந்து ஆண்டுகள் ஆனாலும் இரண்டு அணிகளும் கோயிலின் இரண்டு பக்கமாகவே உட்கார்ந்திருக்கும். ஒரு வரப்புக்காக நீதிமன்றத்துக்குப் போன அண்ணன் தம்பி குடும்பங்கள் அடுத்தடுத்த வரிசையில் முழங்காற்படியிட்டு அதே கிண்ணத்தில் பானம் பண்ணும். சந்தா பாக்கி என்று சொல்லி ஓலை வாசிக்க மறுத்த வீட்டார் கோயில் பக்கமே வருவதில்லை. சாவு வீட்டில் போய் நின்றுகொண்டு பாக்கியைக் கட்டினால்தான் அடக்க ஆராதனை என்று சொல்லியிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள். வேறு மதத்தில் கல்யாணம் முடித்ததற்காக விலக்கப்பட்ட மகளைப் பற்றி அதன்பின் ஒருவரும் விசாரிப்பதில்லை. புருஷன் விட்டுப்போன பெண், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபத்துக்குக் கூப்பிடப்படாமலே இருக்கிறாள். இவர்களில் யாருக்கும் சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றித் தெரியாமலில்லை. ஆண்டுதோறும் கேட்டவர்கள்தான்.

சாதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஒரு பகுதியினர் சபையை விட்டே விலகினார்கள். எல்லாரும் ஒன்றாக உட்காருவதும் ஒரே பந்தியில் சேருவதும் அவர்களுக்கு அவ்வளவு கசந்தது. 1840-களின் பிற்பாதியில் மதுரையில் அமெரிக்க மிஷன் இன்னும் ஒருபடி மேலே போனது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, அன்பின் விருந்து என்ற பெயரில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்படி தன் ஊழியர்களைக் கேட்டது. உபதேசியார்கள் பலர் மறுத்து வெளியேறினார்கள். போதிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்தபோது கால் தடுக்கியது. மேலிருந்து வந்த உத்தரவினால் அன்பு உண்டாகாது என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. உத்தரவு வந்ததால்தான் நோய் எங்கே இருந்தது என்பது வெளியே தெரிந்தது. பிறகு அந்த ஊரிலேயே தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, கூடச் சாப்பிட்டு அதைக் குணமாக்க ஆள் போதவில்லை. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கிறது. தென்மாவட்டச் சபைகளில் அசன விழா நடக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பந்தியில் உண்கிறார்கள், பார்க்க மனம் நிறைகிறது. அந்தப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடிப்போமா என்பதை லெந்து நாட்களில் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. ஒப்புரவு என்ற பெயரில் நம் சபைகளில் அநியாயமும் நடந்திருக்கிறது. அடிபட்ட மனைவியிடம், லெந்து நாளாயிற்றே, மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா என்று சொல்லி அனுப்புவது அன்பில் சேராது. காணிக்கைப் பணத்தில் கை வைத்தவரை மன்னிப்பது வேறு, அவரையே மறுபடி பொருளாளராக வைத்திருப்பது வேறு. ஒரு பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் அங்கே சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆயரும் அதற்கு விலக்கல்ல. பவுல் சொன்ன அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது. பலவீனமானவரிடம் மட்டும் மன்னிப்பைக் கேட்டு வாங்குகிற சபை, பலமுள்ளவரின் பக்கம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பிற சபைகளிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. கீழைச் சபைகளில் பெரிய நோன்புக்குள் நுழையும் ஞாயிறு மாலை, ஆயர் தொடங்கி ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளில், நோன்பின் முதல் திங்கட்கிழமை சுப்கோனோ என்னும் ஒப்புரவு ஆராதனை நடக்கிறது. அங்கே ஆயர்தான் முதலில் சபையிடம் மன்னிப்பு வேண்டுகிறார். தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் தன் நற்கருணை முறையை அமைத்தபோது, சமாதானத்தைக் கையோடு கை சேர்த்துக் கொடுத்து வாங்கும் பழக்கத்தை இந்தச் சிரியன் சபைகளிடமிருந்தே எடுத்துக்கொண்டது. இன்று பல இடங்களில் அது பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கும்பிடு போடுவதோடு முடிந்துவிடுகிறது. பேசாத வீட்டார் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அங்கே நடந்து போக யாருக்கும் காலில்லை. நடந்து போக நேரம் கொடுங்கள். ஆராதனை பத்து நிமிடம் நீண்டால் நீளட்டும்.

ரோமாபுரிச் சபையில் சபைநீக்கப்பட்டு மனந்திரும்பியவர்களைப் பெரிய வியாழனன்று திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 416-ல் முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதம் அதைத் தம் சபையின் வழக்கமாகக் குறிப்பிடுகிறது. நாற்பது நாட்கள் எதற்கு என்பது அங்கே விளங்குகிறது. விலகியிருப்பவரும் சபையும் ஒருவரையொருவர் நோக்கி நடக்கிற நாட்கள் அவை. அந்த வழியில் நடப்பவர்களுக்குத்தான் பெரிய வியாழன் கால் கழுவுதலும் பொருள்படும். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே கழுவிச் சுத்தமான காலுடைய மூப்பர்களையே ஏன் ஒவ்வொரு ஆண்டும் உட்காரவைக்கிறோம்?

உபவாசத்தில் மிச்சமாகிறதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டின் ஹெர்மாஸ் மேய்ப்பன் நூல், உபவாச நாளில் சாப்பிடாமல் விட்ட உணவின் விலையைக் கணக்குப் பார்த்து, அதை விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறது. நம் தாய்மார் அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்களே, அதே மனம்தான். இன்று அந்தப் பணம் பெரும்பாலும் உறையிலிட்டுப் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சபைக்குள்ளேயே சந்தா கட்ட முடியாமல் ஒதுங்கி நிற்கும் குடும்பங்களின் பாக்கியை லெந்து காணிக்கையிலிருந்து, பெயர் வெளியே தெரியாமல், தீர்த்துவிடலாம். இதற்குச் சேகரக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

ஆகவே ஆயர்களையும் உபதேசியார்களையும் இந்த இதழ் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த லெந்து அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போகுமுன், சபைப் பதிவேட்டை எடுத்து ஒரு மாலை உட்காருங்கள். யார் யாரோடு பேசுவதில்லை, யார் வருவதை நிறுத்தினார்கள், அதில் நம் கோபத்தினால் நின்றவர் எத்தனை பேர் என்று பெயர் பெயராகப் பாருங்கள். நாற்பது மாலைகளிலும் கூட்டம் வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை அந்த வீடுகளுக்கென்று விட்டுவைத்து, முதலில் நம்மால் மனம் நொந்தவர் வீட்டுக்குப் போங்கள்.