குடக்கூலி வீடும் அடைமழையும்

குளிர்காலம் நெருங்கினால் சீமையில் இருப்பவர்கள் குழாயில் ஜலம் உறைந்து குழாய் வெடித்துவிடுமோ என்று கவலைப்படுகிறார்கள். திருச்சிராப்பள்ளி வாசிகளாகிய நமக்குப் பகவான் அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. நமக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரையில் நீடிக்கிறது. ஆகவே வீட்டைச் செப்பனிடப் புரட்டாசியே தகுந்த மாதம்.

சொந்த வீடாயிருந்தால் இதை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. தென்னூரில் சந்துக்குச் சந்து இருக்கும் குடக்கூலி வீடுகளின் சமாசாரம் வேறு. "ஒழுகினால் குடியிருப்பவர் வந்து சொல்லமாட்டாரா?" என்று வீட்டுக்காரர் இருக்கிறார். "வீடு அவருடையது, நமக்கென்ன?" என்று குடித்தனக்காரர் இருக்கிறார். இரண்டும் நியாயமாகவே தோன்றுகின்றன. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஓடு ஒன்று நகர்ந்து கிடக்கிறது. மழை யாருடைய நியாயத்தையும் விசாரிப்பதில்லை; நேரே கூடத்தில் இறங்கிவிடுகிறது.

முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும். ஓட்டு வீடானால் உடைந்த ஓடுகளை மாற்றி, சரிந்தவற்றை ஒழுங்காக அடுக்கிவிட வேண்டும். மொட்டை மாடியானால் ஜலம் வெளியேறும் தூம்பு வாயில் அடைத்திருக்கும் சருகுகளை அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்த தளம் அது. தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கும் ஈரம், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனியை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்துவிடும். உட்புறக் கறையின்மேல் வெள்ளையடித்துவிட்டால் கறை மறையும், உத்தரம் பிழைக்காது. பழைய சுண்ணாம்புத் தளத்தின் வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே அடைப்பது நலம். சிமெண்டு இறுகிக் கெட்டியாகி, ஓரத்தில் மறுபடியும் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது மின்சாரம். ஒழுகும் சுவரில் இருக்கும் சுவிட்சைக் குழந்தை தொடுவதற்குள் அதைச் சரி செய்தாக வேண்டும். முப்பது மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்த மாத்திரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. இதற்காகும் செலவை ஓர் உயிரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாரும் தயங்கமாட்டார்கள்.

பிறகு ஜலதாரை. திருச்சியில் வெள்ளம் என்றால் எல்லோரும் காவேரியையே நினைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கேயுள்ள மேட்டு நிலங்களின் மழையைச் சுமந்துகொண்டு கோரையாறு பெருகி வருவதை மறந்துவிடுகிறார்கள். 1977-ஆம் வருஷம் நவம்பரிலும், 2005-ஆம் வருஷம் நவம்பரிலும் நகரின் பல பகுதிகளில் ஜலம் வீடுகளுக்குள் புகுந்தது. தங்கள் தெருவில் அது எந்தப் படி வரையில் ஏறியது என்பது பழைய வாசிகளுக்குத் தெரியும். போன ஆனியில் குடிவந்தவருக்குத் தெரியாது. ஆகையால் வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிடுவது கடமை. குடித்தனக்காரர் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். பத்திரங்களையும் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுகளையும் அரிசி மூட்டையையும் எந்த உயரத்தில் வைப்பது என்று அப்போதுதான் தீர்மானிக்க முடியும். கொல்லையில் கிடக்கும் பழைய தொட்டி, டயர் முதலியவற்றைக் கவிழ்த்துவிடவும் மறக்கலாகாது. தேங்கிய நல்ல ஜலத்தில், ஒரு வாரம் பத்து நாளில், டெங்குக் கொசு தயாராகிவிடும்.

செலவு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமும் விடை சொல்லியிருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தின் இடத்தில், 2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2019-ல் அமுலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிராவிட்டால், கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. ஜலதாரையைச் சுத்தம் செய்தல், குழாய்த் திருகு, சுவிட்சு, தாழ்ப்பாள் முதலிய சில்லறைப் பழுதுகள் குடித்தனக்காரரைச் சேர்ந்தவை.

ஆனால் சட்டப் புத்தகம் மாடிப்படி ஏறி ஓட்டைப் பார்க்காது. நாம் யோசனை கூறுவது இதுதான்: புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்தே மாடியேறி, தளத்திலிருந்து வாசல் ஜலதாரை வரையில் பார்த்து, இன்னது உம்முடையது, இன்னது என்னுடையது, இன்ன தேதிக்குள் முடிப்பது என்று அரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்து வேலை. கார்த்திகையில் நடுராத்திரி குழந்தைகளை எழுப்பிப் பாயை மாற்றி மாற்றிப் போடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.