கைச் சொற்கள்

ஆங்கிலத்தின் பழம் பருவத்தில் 'ஹாண்ட்போக்' என்றொரு சொல் வழங்கியதை அவ்விலக்கியம் பயிலும் நம் மாணவ நண்பர்கள் அறிவர். கையில் ஏந்தும் நூல் என்பது அதன் பொருள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழியாக நுழைந்த 'மானுவல்' அதன் இருக்கையைப் பற்றிக்கொண்டது. லத்தீனில் 'மானுஸ்' என்பதும் கையே. ஆயினும் அக்கை லத்தீன் கற்றோர்க்கன்றி உழவனுக்கும் கொல்லனுக்கும் புலனாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானியச் சொல்லொன்றின் தூண்டுதலால், 'ஹாண்ட்புக்' என அவ்வடிவம் மீண்டும் பிறந்தது. நாமும் இன்று அதனைக் கையேடு என்கிறோம்.

நிற்க. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் 'கை' என்னும் சொல்லின் வழித் தோன்றியவற்றைப் புரட்டிப் பார்ப்போர் வியப்பெய்துவர். யானைக்குக் கைம்மா என்று பெயர். துதிக்கையிற் கையைக் கண்டவன் எவனோ, அவன் கவியே. பத்திரமின்றி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும் சிறு கடன் கைம்மாற்று. மயிலாப்பூர்க் கடைத்தெருவில் அது 'கைமாத்து' என்று இன்றும் உயிரோடு உலவுகின்றது. அதே மயிலையில் வாழ்ந்தவரெனக் கர்ணபரம்பரை கூறும் வள்ளுவர், ஒப்புரவின் முதற் குறளில் வைத்த சொல் கைம்மாறு. இலங்கைத் தமிழர் ஒப்பந்தங்களில் இடுவது கைச்சாத்து. அழகிய அச்சொல்லை நாம் ஏனோ நழுவவிட்டோம்.

எல்லாக் கையும் கையன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கைக்கிளையில் வரும் கைக்குச் சிறுமை என்று பொருள் கொள்வது மரபு. ஓசையை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்யப் புகுவோர் இதனை நினைவிற்கொள்க.

இவையெல்லாம் புலவர் பொழுதுபோக்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் தியாகராய நகர்க்குச் சென்று வருவாராக. சில பலகைகளில் 'ஹாண்ட்லூம்' என்று தமிழெழுத்தில் எழுதியிருக்கக் காண்பர். கைத்தறி என்றால், ஆங்கிலம் அறியாத மூதாட்டிக்கும் அதிற் கை தெரியும். விசைத்தறிச் சேலையைக் காட்டிக் கைத்தறி விலை கேட்பின், 'இது கையால் நெய்ததா?' என்று வினவும் துணிவும் உண்டாகும். ஹாண்ட்லூமில் அவள் எதைக் காண்பாள்? 1985-ஆம் ஆண்டின் சட்டமொன்று சில ஆடை வகைகளை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. அத்தகைய பாதுகாப்பு, வாங்குவோர் அறியாத சொல்லுக்குள் மறைந்து கிடத்தல் நெசவாளர்க்கும் நன்றன்று.

பஸ்ஸையும் காப்பியையும் நாடு கடத்துக என்பது நம் கட்சியன்று. புதுச்சொல் தேவைப்படுமிடத்து, முதலில் நம் கையைப் பார்த்துக்கொள்வோம் என்பதே. அவ்வாறு பார்த்தவர் ஆக்கியதே கைப்பேசி. பேச்சில் செல்போன் என்றே வழங்கினும், எழுத்தில் அது வேரூன்றிவிட்டது. இடையே பகரம் மிகுமா மிகாதா என்று வாதிடுவோர் வாதிடட்டும். இரு சாராரும் கையில் வைத்திருப்பது அதுவே.

தசரதன் இராமனை விசுவாமித்திரர்பால் ஒப்புவிக்கும் பகுதி கம்பராமாயணத்திற் கையடைப் படலம் எனப் பெயர் பெறும். நம்பி ஒப்படைக்கப்பெற்று, பழுதின்றித் திரும்ப வேண்டிய பொருள் கையடை. கல்லூரி நூலகத்தில் சேரும்போது செலுத்தி, நீங்கும்போது திரும்பப் பெறும் தொகைக்கு ரசீதில் 'டெபாசிட்' என்றிருக்கும் இடத்திற் கையடை என்று அச்சிட்டால் என்ன?